சட்டமன்றம், அரசு, நீதிமன்றம்: யார் அதிகாரம் எங்கே முடிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிகாரப் பிரிவினை நம் அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டிருக்கிறதா?

அந்தப் பெயரில் ஒரு பிரிவும் இல்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா, மூன்று துறைகளையும் முழுக்கப் பிரிக்கும் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. அமைச்சர் சட்டமன்றத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சட்டமன்றத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் எழுப்ப முடியாது.

எழுதப்பட்டிருப்பவை துண்டு துண்டானவை. அரசுப் பணிகளில் நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. நீதிபதிகள் பணியில் நடந்துகொள்ளும் விதத்தைச் சட்டமன்றத்தில் விவாதிக்கக் கூடாது என்கிறது 211. சட்டமன்ற நடைமுறையில் குறை இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது 212. இவற்றைக் கோத்து 1955ல் உச்ச நீதிமன்றம் ஒரு வாய்பாடு சொன்னது. பஞ்சாப் அரசே பாடநூல் அச்சிடத் தொடங்கியதை எதிர்த்துப் பதிப்பாளர்கள் போட்ட ராம் ஜவாயா கபூர் வழக்கு அது. பிரிவினை முழு இறுக்கத்தோடு இங்கே இல்லை. ஆனால் ஒரு துறைக்கே உரிய அடிப்படை வேலையை இன்னொரு துறை கையில் எடுத்துக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம். இந்தப் பக்கத்தில் வரும் சண்டைகள் எல்லாம் 'எது யாருடைய அடிப்படை வேலை' என்ற ஒரே கேள்வியைச் சுற்றியவைதான்.

அமைச்சர்கள் சட்டமன்றத்துக்குள்ளேயே இருக்கிறார்களே, பிறகு யார் யாரைக் கண்காணிப்பது?

நியாயமான சந்தேகம். பெரும்பான்மை உள்ள அரசைச் சட்டமன்றம் கவிழ்ப்பது அபூர்வம். அதனால் சாசனம் சில எண்களை நம்புகிறது. 2003ல் வந்த 91வது திருத்தத்தின்படி முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் எண்ணிக்கை அவை உறுப்பினர்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் 234க்கு 35.1, ஆக 35 பேர். ஆளுங்கட்சி உறுப்பினர் அத்தனை பேருக்கும் சிவப்பு விளக்கு வைத்த அமைச்சர் கார் கொடுத்து வாயடைக்க முடியாமல் போனது இதனால்தான். உறுப்பினர் அல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

பணம்தான் உண்மையான கடிவாளம். ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கை வைத்து, நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறிய பிறகே தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் பொதுக் கஜானாவிலிருந்து, பைசா எடுக்க முடியும். குறை சொல்ல விரும்பும் உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்: கொள்கையையே எதிர்த்தால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது, ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்ட 100 ரூபாய் வெட்டச் சொல்வது. கடைசி நாளில் நேரம் தீர்ந்தால் மிச்சக் கோரிக்கைகளை விவாதமின்றி மொத்தமாக ஓட்டுக்கு விடுவார்கள். அதற்குக் கில்லட்டின் என்று பெயர். வெட்டுப்படுவது என்னவோ விவாதம்தான்.

நீதிமன்றத் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் சட்டம் போட்டு ரத்து செய்யலாமா?

தீர்ப்பை ரத்து செய்ய முடியாது. தீர்ப்பு எந்தச் சட்டத்தின் மேல் நின்றதோ, அந்தச் சட்டத்தை மாற்றலாம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க 2014 மே 7ஐ விடப் பொருத்தமான நாள் கிடைக்காது. அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து இரண்டு தீர்ப்புகள் வந்தன. இரண்டிலும் தமிழ்நாடு இருந்தது.

முதலாவது, முல்லைப்பெரியாறு. அணையின் நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்த்தலாம், அணை பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்று 2006 பிப்ரவரி 27 அன்று தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான அணைகள் பட்டியலில் முல்லைப்பெரியாறைச் சேர்த்து, உச்ச அளவு 136 அடி என்று எழுதியது. தமிழ்நாடு பிரிவு 131ன் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஐந்து நீதிபதிகள் அமர்வு கேரளச் சட்டத்தை வீழ்த்தியது. அணை பாதுகாப்பானதா என்பது சாட்சியம் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு முடிவுசெய்த உண்மைப் பிரச்சினை. அதே உண்மைக்கு நேர்மாறான முடிவைச் சட்டமன்றம் கைதூக்கி அறிவித்தால், சட்டம் இயற்றுவதாகச் சொல்லிக்கொண்டு நீதிபதி வேலை பார்ப்பதாகிறது. தீர்ப்பு அதிகாரப் பிரிவினையின் பெயரைச் சொல்லியே இதைச் சொன்னது. அந்த நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது.

இரண்டாவது, ஜல்லிக்கட்டு. அதே நாளில் இன்னொரு அமர்வு தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தைச் செல்லாது என்றது. மிருகவதைத் தடைச் சட்டம், 1960 மத்தியச் சட்டம். மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியல் விஷயம். மாநிலச் சட்டம் அதோடு முரண்பட்டது, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் அதற்கு இல்லை. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பிய பிறகு அரசு என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். 'தீர்ப்பு செல்லாது' என்று ஒரு வரிகூட எழுதவில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தையே தமிழ்நாட்டு அளவில் திருத்தியது. 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி பேரவையில் சட்டமுன்வடிவு, மாத இறுதியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல். முரண்பாடு என்ற அடித்தளம் நீங்கியது. விதிமுறைகளால் விளையாட்டு நடக்கும் முறையும் மாறியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தத் திருத்தத்தை ஏற்றது.

கர்நாடகம் 1991லேயே இந்தப் பாடத்தைப் படித்தது. காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விட வேண்டும் என்று ஜூனில் இடைக்கால உத்தரவு போட, ஜூலையில் அதைச் செல்லாக்காசாக்க ஓர் அவசரச் சட்டம் வந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது சாசனத்துக்கு விரோதம் என்றது.

புதிதாக வரும் சட்டம் தாக்குப்பிடிக்குமா என்று எப்படிக் கணிப்பது?

சட்டத்தின் வாசகத்தை எடுத்துப் பாருங்கள். 'எந்த நீதிமன்றத் தீர்ப்பு எப்படியிருந்தாலும்' என்று தொடங்கி, அதற்குப் பிறகு உருப்படியான மாற்றம் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் விழும். 1969ல் பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கில் சொன்ன சோதனை எளிது: மாறிய சட்டம் அன்றே இருந்திருந்தால் நீதிமன்றம் அதே தீர்ப்பைக் கொடுத்திருக்குமா? கொடுத்திருக்காது என்றால் சட்டம் நிற்கும். கொடுத்திருக்கும் என்றால், சட்டமன்றம் மேல்முறையீட்டு நீதிமன்றமாக நடந்துகொண்டது என்று அர்த்தம். தீர்ப்பு அடிப்படை உரிமை மீறலைக் காரணம் காட்டியிருந்தால், மறுபடி அதே சட்டத்தைப் போட்டுப் பயனில்லை.

அவசரச் சட்டம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

பிரிவு 213ன்படி பேரவை கூட்டத்தொடரில் இல்லாதபோதுதான் ஆளுநர் அதைப் போட முடியும். பேரவை மறுபடி கூடியதிலிருந்து ஆறு வாரத்தில் தானாக இறந்துவிடும். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பதால், அதிகபட்சம் ஏழரை மாதம். பொதுப் பட்டியல் விஷயமாக இருந்து மத்தியச் சட்டத்தோடு மோதினால் முன்கூட்டியே குடியரசுத் தலைவரின் அறிவுறுத்தல் வேண்டும். ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம் முதலில் டெல்லிக்குப் போனது இதனால்தான்.

கோளாறு எங்கே வரும் என்றால், காலாவதியாகும் முன் அதையே மறுபடி பிறப்பிப்பதில். பிகார் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களை இப்படி உருட்டிக்கொண்டே போனது; அவற்றில் சில பத்தாண்டுகளைத் தாண்டின. புனேயைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர் டி.சி. வாத்வா வழக்குப் போட்டு, 1986ல் இதைச் சாசனத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றத்தைச் சொல்லவைத்தார்.

பேரவை நிறைவேற்றிய சட்டமுன்வடிவை ஆளுநர் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

2025க்குள் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் வந்துவிட்டன, அதனால் பொறுமையாகப் படிக்கவும். பிரிவு 200 தரும் வழிகள்: ஒப்புதல் தருவது, நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்குத் திருப்புவது, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குவது. திருப்பியதைப் பேரவை மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது வாசகம். பண மசோதாவைத் திருப்பவே முடியாது. நாள் கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. 'கூடிய விரைவில்' என்ற சொல்தான் இருக்கிறது, அதன் நீளம் அவரவர் அகராதியில்.

தமிழ்நாட்டில் 10 சட்டமுன்வடிவுகள் 2023 நவம்பர் 13 அன்று திருப்பப்பட்டன. 18ஆம் தேதி சிறப்புக் கூட்டத்தில் பேரவை அத்தனையையும் மறுபடி நிறைவேற்றியது. 28ஆம் தேதி ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, இரண்டாம் சுற்றில் ஒதுக்கியது தவறு என்று சொல்லி, முழு நீதி கிடைக்கத் தேவையான உத்தரவைப் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு 142ஐப் பயன்படுத்தி, 10க்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. ஆளுநர்களுக்கு ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடுவும் வைத்தது. ஏப்ரல் 11 அன்று அரசு அவற்றைச் சட்டங்களாக அரசிதழில் வெளியிட்டது.

அதன் பிறகு குடியரசுத் தலைவர் 14 கேள்விகளோடு உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்ன கருத்து: சாசனத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் எழுத முடியாது, 'ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வது' என்பதும் கிடையாது, அது வேறொரு பதவியின் வேலையை நீதிமன்றம் எடுத்துக்கொள்வது. ஆனால் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கும் உரிமை ஆளுநருக்கு இல்லை. காரணம் சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால், 'ஏதாவது ஒரு முடிவெடுங்கள்' என்ற அளவுக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம்.

நம் பார்வையில் இரண்டாவது விடை கோட்பாட்டில் சுத்தமானது, நடைமுறையில் பலவீனமானது. 'நீண்ட காலம்' எது என்று காட்ட ஒவ்வொரு முறையும் மாநிலம் டெல்லிக்குப் போய் வழக்காட வேண்டும்.

சபாநாயகர் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகலாமா?

எந்த முடிவு என்பதைப் பொறுத்தது. யாரைப் பேச விடுவது, எதை அவைக்குறிப்பிலிருந்து நீக்குவது போன்றவை அவை நடத்தும் வேலை, நீதிமன்றம் தலையிடாது. கட்சித்தாவல் புகாரில் தகுதிநீக்கம் செய்யும்போது அவர் தீர்ப்பாயமாகச் செயல்படுகிறார், ஆகவே மறு ஆய்வு உண்டு என்று 1992ல் கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவானது. நாற்காலி ஒன்றுதான், செய்யும் வேலை மாறினால் விதியும் மாறுகிறது.

2017 செப்டம்பர் 18 அன்று தமிழகத்தில் 18 உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். முதல்வர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தது கட்சியைத் தாமாகவே விட்டதற்குச் சமம் என்பது சபாநாயகர் வாதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் 2018 ஜூன் 14 அன்று ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில்தான் நடந்தது. ஒன்றரை ஆண்டு 18 தொகுதிகளுக்கு உறுப்பினர் இல்லை. மறு ஆய்வு இருக்கிறது, ஆனால் அதன் வேகம் இதுதான். புகாரை முடிவு செய்யாமல் சபாநாயகர் இழுத்தடிப்பது எதிர்ப்பக்கக் கோளாறு. அதற்கு மூன்று மாதம் என்ற அளவை 2020ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தன் உரிமையை மீறியதாகச் சொல்லிப் பேரவை ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா?

முடியும், அனுப்பியிருக்கிறார்கள். 1987ல் ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகப் பேரவை மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே விடுவித்தது. சபாநாயகரின் 'வானளாவிய அதிகாரம்' என்ற சொற்றொடர் தமிழ் அரசியல் பேச்சில் ஒட்டிக்கொண்டது அந்தக் காலத்தில்தான். பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போய் அவர் பெற்ற இழப்பீடு 1,000 ரூபாய்.

அதிகாரத்தின் எல்லையை 1964லேயே வரைந்தாகிவிட்டது. ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக உத்தரப் பிரதேசப் பேரவை சிறைக்கு அனுப்பிய கேசவ் சிங்குக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுக்க, பேரவை ஜாமீன் கொடுத்த இரண்டு நீதிபதிகளையே பிடித்துக்கொண்டு வரச் சொன்னது. அந்த நீதிமன்றத்தின் 28 நீதிபதிகளும் ஒன்றாக உட்கார்ந்து அந்தத் தீர்மானத்துக்குத் தடை போட்டார்கள். பேரவைக்குத் தண்டிக்கும் உரிமை உண்டு, அந்தத் தண்டனை சாசனத்துக்கு உட்பட்டதா என்று பார்க்கும் உரிமை நீதிமன்றத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது.

ஆர்.டி.ஓ.வும் (வருவாய்க் கோட்டாட்சியர்) தாசில்தாரும் மாஜிஸ்திரேட் என்கிறார்களே, அது பிரிவினைக்கு விரோதம் இல்லையா?

அவர்கள் நிர்வாக நடுவர்கள். குற்றம் நடந்த பிறகு விசாரித்துத் தண்டிப்பது நீதித்துறை நடுவர் வேலை. நடக்காமல் தடுப்பது நிர்வாக நடுவர் வேலை. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்தக் கோட்டை நாடு முழுவதற்கும் போட்டது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. தடை உத்தரவு போடும் பழைய 144 இப்போது 163. சாதாரணமாக அந்த உத்தரவின் ஆயுள் இரண்டு மாதம். நன்னடத்தைப் பிணை கேட்கும் பழைய 110 இப்போது 129.

காவல் நிலையத்தில் இன்னும் 'நூத்திப்பத்து' என்றுதான் சொல்வார்கள். பிணைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால், கேட்பவர் யார் என்று பாருங்கள். காவல் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்த தமிழக அரசாணைகளை 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. புகாரைத் தயாரிப்பதும் போலீஸ், அதைக் கேட்டு முடிவு செய்வதும் போலீஸ் என்றால் அது பிரிவினைக்கு நேர் எதிர் என்பது காரணம்.

நீதிமன்றமே அரசாங்கம் நடத்துகிறது என்ற புகார் உண்மையா?

சில நேரம் உண்மை. நெடுஞ்சாலை மதுக்கடை வழக்கைப் பாருங்கள்; அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது என்றது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேர் வரை உள்ள ஊர்களில் 220 மீட்டர் போதும் என்று குறைத்தது. ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இது பொருந்தாது என்று விளக்கியது. நடுவில் சில மாநிலங்கள் நெடுஞ்சாலைகளை உள்ளூர்ச் சாலை என்று பெயர் மாற்றி விளையாடின. ஏன் 500, ஏன் 220 என்பதற்குச் சட்டத்தில் விடை கிடையாது. அளவுகோலை வைத்து மீட்டர் அளப்பது நிர்வாகத்தின் வேலை. நீதிமன்றம் அளந்தால் இப்படி அழித்து அழித்து எழுத வேண்டிவரும்.

மறுபக்கமும் உண்டு. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிராக 1997ல் விசாகா வழக்கில் நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 2013 ஆனது. 16 ஆண்டு வெற்றிடத்தை நிரப்பியதைக் குறை சொல்வது கடினம்.

அரசு அலுவலகம் வேலையைச் செய்யவில்லை. உயர் நீதிமன்றத்தை எப்படி அணுகுவது?

பிரிவு 226ன் கீழ் ரிட் மனு, அதாவது அதிகாரிக்கு உத்தரவிடுமாறு உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் மனு. பாதி மனுக்கள் விழுவது அதற்கு முந்தைய படிகளில்தான். முதலில், முடிவெடுக்க வேண்டிய அதிகாரி யாரோ அவருக்கே எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். கேட்காத ஒன்றைச் செய்யவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. சட்டத்திலேயே மேல்முறையீடு இருந்தால் அதைத் தாண்டி வரக் கூடாது: பட்டாவில் தாசில்தார் உத்தரவு தவறென்றால் ஆர்.டி.ஓ., அவருக்கு மேல் டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்). கோரிக்கையின் வாசகமும் முக்கியம். 'சட்டம் இயற்ற உத்தரவிட வேண்டும்', 'எனக்குப் பட்டா கொடுக்கச் சொல்ல வேண்டும்' போன்றவை பெரும்பாலும் நிற்காது. 'இந்தத் தேதியிட்ட என் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிட வேண்டும்' என்பது நிற்கும். முடிவு எடுப்பது அதிகாரியின் வேலை, எடுக்கவைப்பது நீதிமன்றத்தின் வேலை. உத்தரவு கிடைத்தும் அசையவில்லை என்றால் அவமதிப்பு மனு; மீறல் நடந்து ஓராண்டுக்குள் போட வேண்டும், அதன் பிறகு வாசல் மூடிவிடும்.

சாசனத்தையே திருத்தி நீதிமன்றத்தை ஒதுக்கிவிட்டால்?

முயன்றிருக்கிறார்கள். 1975 ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்ல, ஆகஸ்டில் வந்த 39வது திருத்தம் அந்தத் தேர்தல் செல்லும் என்று சாசனத்திலேயே எழுதியது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டில் அவர் தேர்தலை ஏற்றது, ஆனால் திருத்தத்தின் அந்த உட்பிரிவை நீக்கியது. இதற்கான ஆயுதம் 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், 13 நீதிபதிகளில் ஏழுக்கு ஆறு என்ற நூலிழையில் கிடைத்த அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு: சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் அழிக்க முடியாது.

இன்னொரு வழி ஒன்பதாவது அட்டவணை. அதில் ஒரு சட்டத்தைச் சேர்த்தால், அடிப்படை உரிமைகளை மீறுகிறது என்று வழக்குப் போட முடியாது என்ற நிலை இருந்தது. நீலகிரி கூடலூரின் ஜென்ம நிலங்களை (பழைய பரம்பரை உரிமை நிலங்கள்) ரயத்துவாரியாக (நில உரிமையாளர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறை) மாற்றும் 1969ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்தின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் அடித்துப்போட, 1974ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை அட்டவணைக்குள் வைத்தது. அதை எதிர்த்த கோயல்ஹோ வழக்கில் 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த நாளுக்குப் பிறகு அட்டவணையில் நுழைந்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பில் உரசிப் பார்க்கலாம். 1994ல் 76வது திருத்தத்தால் அதே அட்டவணைக்குள் போன 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கும் இதே உரைகல்தான்.